இரண்டு எழுத்து, ஒரு தாலி: ஒரு ஸ்பொன்சர் கோப்பு உருவான விதம்

கணவர் கனடாவின் ஸ்காபுரோவில், மனைவி இலங்கையின் வடமராட்சியில். மனைவியைக் கனடாவுக்கு அழைக்க, 2023 தொடக்கத்தில் தாக்கலாகி 2024இல் விசா கிடைத்த ஸ்பொன்சர் விண்ணப்பம் இது. இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். நான் சட்டத்தரணி அல்ல. ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் இப்படியான கோப்புகளுக்கு ஆவணம் சேர்ப்பது என் வேலை. முடிவெடுப்பது அவர், தாள்களோடு மாரடிப்பது நான்.

எங்கள் சனத்திடம் தாளுக்குப் பஞ்சம் கிடையாது. இந்தக் கணவரும் முதல் நாளே ஒரு பயணப்பை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். கலியாண அட்டை, நகைக்கடைப் பற்றுச்சீட்டு, மண்டபக் கணக்கு, சாதகப் பொருத்தம் எழுதிய கொப்பித்தாள் வரை இருந்தது. கேட்ட ஆவணம் கிடைக்காமல் இந்தக் கோப்பு எங்கும் நிற்கவில்லை. ஒரு தாள் சொன்னதை இன்னொரு தாள் மறுத்த இடங்களில்தான் நின்றது.

கணவர் பக்கத்துத் தாள்கள்

அவர் 2011இல் வந்து அகதிக் கோரிக்கை வைத்தவர். ஏற்றுக்கொள்ளப்பட்டு, பிஆர் (நிரந்தர வதிவுரிமை) எடுத்து, 2019இல் குடியுரிமை பெற்றார். அதுவரை இலங்கைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 2012 டிசம்பர் 15 முதல், அகதி என்ற வழியில் பிஆர் எடுத்த ஒருவர் சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாகவே மறுபடி நாடிவிட்டார் என்று தீர்ப்பானால், அகதிப் பாதுகாப்போடு பிஆரும் சேர்ந்து போய்விடும். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து அதிலேயே ஊருக்குப் போய்வருவது இதற்குக் கைகொடுக்கும் சாட்சி. இந்தப் பயத்தில்தான் எத்தனையோ கலியாணங்கள் சென்னையிலும் திருச்சியிலும் நடக்கின்றன. குடியுரிமை வந்தபின் அந்தக் கத்தி தலைக்கு மேல் இல்லை. ஆகவே, மாப்பிள்ளை பத்து வருடம் ஊருக்கே போகாதது ஏன் என்ற கேள்விக்கு அவரின் குடியுரிமைச் சான்றிதழே பதில் சொல்லியது.

கணவன் மனைவி ஸ்பொன்சருக்கு, பொதுவாக, குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று இல்லை. ஆனால் மாற்றுத்திறன் தவிர்ந்த வேறு காரணத்துக்காக அரச உதவிப் பணத்தில் இருப்பவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. மனைவி வந்ததிலிருந்து மூன்று வருடம் அவரைப் பார்த்துக்கொள்வதாகக் கையெழுத்தும் வைக்க வேண்டும். வேலைக் கடிதம், வருமானவரி மதிப்பீட்டு அறிவித்தல், குடியுரிமைச் சான்றிதழ் என்று இந்தப் பகுதி ஒரு பின்னேரத்தோடு முடிந்தது.

கூடவே அவருடைய பழைய அகதிக் கோரிக்கைத் தாள்களையும் கேட்டு வாங்கினேன். பலர் இதைக் குப்பையில் போட்டுவிட்டு வருவார்கள். அதிகாரியிடம் அது இருக்கும், எங்களிடம் இருக்காது என்பது நல்ல நிலைமை இல்லை. அவரின் தகப்பனார் பெயருக்கு அதில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, கலியாணப் பதிவில் மூன்றாவது. மூன்றும் ஒரே ஆளையே குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்தோம்.

முதல் எழுத்து

எழுத்து என்றால் எங்கள் ஊரில் பதிவுத் திருமணம். மனைவியின் பக்கத்தை அவரிடமே கேட்பது என் வழக்கம். மாமியார், மச்சாள், கணவர் ஒருவரும் பக்கத்தில் இருக்கக்கூடாது. விண்ணப்பத்தில் முன்னைய திருமணம் பற்றிக் கேட்கிறார்கள். கணவர் தந்த விவரத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. போனில் கேட்டபோது கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அக்கா, ஒருக்கா பேசி எழுத்து மட்டும் முடிஞ்சது. தாலி கட்டேல்லை. அதைக் கலியாணமெண்டு போடத் தேவையில்லையெண்டு அம்மா சொல்றா.”

“அவருக்குத் தெரியுமோ?”

“அவருக்குத் தெரியும். அவற்ற சொந்தக்காரருக்குத்தான் தெரியாது.”

“பிள்ளை, அந்த முதல் மாப்பிள்ளை எந்த நாடு?”

“கனடாதான் அக்கா. ஸ்பொன்சரும் போட்டவர். பிறகு வாபஸ் எடுத்தவர்.”

ஊர் வழக்கில் இது நூறு வீட்டில் நடப்பது. வெளிநாட்டு மாப்பிள்ளை வருகிறார், விசா அலுவலை வேளைக்குத் தொடங்கலாம் என்று முதலில் எழுத்தை முடிப்பார்கள், தாலி பிறகு. இடையில் குழம்பினால் “கலியாணம் நடக்கேல்லை” என்று குடும்பம் அதை மறக்கப் பார்க்கும். சட்டத்துக்கு அந்த மறதி கிடையாது. பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்த அன்றே அவர்கள் கணவன் மனைவி. பிரிவதென்றால் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். அங்கும் முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு, மூன்று மாதமாவது கழிந்த பின்னரே அது முடிவான தீர்ப்பாகும்.

கனடாவின் குடிவரவு விதி 117(9) இந்த இடத்தில் ஈவிரக்கம் இல்லாதது. கலியாணம் செய்த நேரத்தில் இருவரில் ஒருவர் இன்னொருவருக்குச் சட்டப்படி கணவராகவோ மனைவியாகவோ இருந்திருந்தால், அந்தத் துணை, ஸ்பொன்சர் செய்யக்கூடிய உறவினருக்கான குடும்ப வகுப்புக்குள் வரவே மாட்டார். எவ்வளவு உண்மையாக வாழ்ந்தாலும் சரி. ஆகவே நான் முதலில் கேட்டது விவாகரத்துத் தீர்ப்பின் திகதியைத்தான். இடைக்காலத் தீர்ப்பு 2019 ஆகஸ்ட், முடிவான தீர்ப்பு 2019 நவம்பர், இரண்டாவது எழுத்து 2021 டிசம்பர். வரிசை சரி. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தாயாரோடும் ஒருமுறை பேச வேண்டி வந்தது. கனடாவில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு விஷயம் தெரிந்துவிடும் என்பது அவருடைய பயம். கோப்பைப் பார்ப்பது அதிகாரி மட்டும், சொந்தக்காரர் யாரும் பார்க்க முடியாது என்று விளங்கப்படுத்தினேன். 2017இல் முதல் மாப்பிள்ளை போட்ட விண்ணப்பத்தில் மகளின் பெயர், பிறந்த திகதி, படம் எல்லாம் கனடா அரசின் கணினியில் ஏற்கனவே ஏறியிருப்பதையும் சொன்னேன். இப்போது “முன்னர் திருமணம் இல்லை” என்று எழுதினால் அது பொய்த்தகவல். அதற்கு ஐந்து வருடத் தடை. “அப்ப போடுங்கோ பிள்ளை, வடிவா எல்லாத்தையும் போடுங்கோ” என்றார்.

அதோடு முடிந்ததென்று நினைத்தால், இரண்டாவது கலியாணப் பதிவில் மணமகளின் நிலை “விவாகமாகாதவர்” என்று இருந்தது. பதிவாளர் கேட்டபோது வீட்டார் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, விண்ணப்பம் விவாகரத்தானவர் என்கிறது, கலியாணப் பத்திரம் கலியாணமே ஆகாதவர் என்கிறது. தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி, இருவரின் சத்தியக்கடதாசி இரண்டையும் வைத்துத் திருத்தத்துக்கு விண்ணப்பித்தார்கள். திருத்திய பத்திரம் கைக்கு வர மாதக்கணக்காகியது. கோப்பு 2022இல் போகாமல் 2023க்குத் தள்ளிப்போனதற்கு முதற் காரணம் இதுதான்.

திருத்திய பத்திரத்தை மட்டும் வைத்தால் போதாதா என்று கணவர் கேட்டார். என் நிலைப்பாடு, பழையதையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது. திருத்தம் என்ற குறிப்பு புதியதில் இருக்கும்போது, திருத்த முன்னர் என்ன இருந்தது என்று அதிகாரி கட்டாயம் யோசிப்பார். அந்த யோசனைக்கு விடை நாங்கள் எழுதிக் கொடுப்பது நல்லது. சட்டத்தரணியும் அதற்கு உடன்பட்டார். விளக்கக் கடிதத்தில் மனைவி எழுதிய பகுதி இப்படி இருந்தது:

“2016இல் எனக்கு ஒரு திருமணப் பதிவு நடந்தது. சமயச் சடங்கு நடக்கவில்லை, நாங்கள் ஒன்றாக வாழவும் இல்லை. அவர் எனக்காகப் போட்ட விண்ணப்பத்தை 2018இல் மீளப்பெற்றார். 2019இல் நீதிமன்றம் எங்களுக்கு விவாகரத்து வழங்கியது. என் இப்போதைய கணவருக்கு இது எங்கள் முதலாவது உரையாடலிலேயே தெரியும். இரண்டாவது பதிவின்போது என் குடும்பத்தார் வெட்கத்தின் காரணமாக என் நிலையைத் தவறாகச் சொன்னார்கள். அதைத் திருத்தியுள்ளோம். இரண்டு பிரதிகளும் இணைக்கப்பட்டுள்ளன.”

முதல் மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு பக்கத்தில் திட்டி எழுதிய ஒரு வரைவும் முதலில் வந்தது. அதை அப்படியே ஒதுக்கிவிட்டோம்.

ஏன் இவ்வளவு அவசரம்?

கனடா விதி 4(1) இரண்டு கேள்வி கேட்கிறது. கலியாணம் உண்மையானதா? முதன்மையாகக் குடிவரவுக்காகச் செய்யப்பட்டதா? 2010 செப்டம்பர் 30 திருத்தத்துக்குப் பிறகு இரண்டில் ஒன்றில் தோற்றாலே மறுக்கலாம். இந்த மனைவிக்கு இது இரண்டாவது கனடா மாப்பிள்ளை. இரண்டாவது கேள்வி இவருக்குக் கனமாக வரும் என்பது எடுத்த எடுப்பிலேயே தெரிந்தது.

அதற்குமேல், மாப்பிள்ளை 2021 டிசம்பர் முதல் வாரம் வந்து இறங்கினார், அடுத்த வாரம் எழுத்து. தாலி 2022 ஜனவரி கடைசியில். இடைப்பட்ட ஆறு கிழமையும் பெண் தன் வீட்டில், மாப்பிள்ளை பெரியப்பா வீட்டில். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது விசாவுக்காகப் பாய்ந்து விழுந்து பதிந்தது போலவே தெரியும்.

உண்மையில் அவசரத்துக்குக் காரணம் கொழும்பில் இருந்தது. வெளிநாட்டவரை மணக்கும் இலங்கையர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கை 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவித்திருந்தார்கள். மாப்பிள்ளை கனடாக் கடவுச்சீட்டுக்காரர். ஆகவே வருடம் பிறக்க முதல், மார்கழி பிறக்கவும் முதல், எழுத்தை முடித்தார்கள். மார்கழியில் தாலி கட்ட மாட்டார்கள் என்பதால் சடங்கு தைக்குப் போனது. தாலி ஏறாமல் ஒரே வீட்டில் இருப்பதைப் பெரியவர்கள் விடவில்லை. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் திகதியோடு எழுதினோம். மார்கழி என்றால் என்ன, ஏன் அந்த மாதத்தில் கலியாணம் இல்லை என்பதற்கு இரண்டு வரி. எங்களுக்கு இது சொல்லத் தேவையில்லாத விஷயம். அதனாலேயே எல்லாரும் சொல்லாமல் விடுகிற விஷயம்.

உறவு விவரப் படிவமான ஐஎம்எம் 5532இல் திருமணத் திகதி என்ற இடத்தில் எழுத்துத் திகதியைப் போட்டோம். சடங்குத் திகதியை அதற்குரிய கேள்வியில் தனியாக எழுதினோம். இருவரும் எங்கே கேட்டாலும் இரண்டு திகதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

படம் இருபது, உரையாடல் பத்துப் பக்கம்

ஆவணப் பட்டியல் படங்களுக்கு 20 என்றும், உரையாடல்களுக்குப் பத்துப் பக்கம் என்றும் எல்லை வைத்திருக்கிறது. அல்பத்திலோ ஆயிரத்துக்கு மேல் படம். பெண் கையில் விளக்கோடு புகைக்குள் நடந்துவருகிற படங்கள் வடிவுதான், ஆனால் அவற்றில் ஆளே இல்லை. நாங்கள் எடுத்தவை வேறு: பதிவாளரின் மேசையில் சாட்சிகள் கையெழுத்து வைப்பது, தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்கு, தாலி கட்டும்போது பின்னால் நிற்கிற இரண்டு பக்கத்துச் சனம், கலியாணத்துக்குப் பிறகு நல்லூர் வீதியில் வியர்வையோடு நின்று எடுத்த செல்பி. ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், நிற்பவர்களின் பெயர், முறை.

ஒரு படத்துக்காகக் கொஞ்சம் வாக்குவாதப்பட வேண்டியிருந்தது. மணவறைக்குப் பக்கத்தில் மச்சான் ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறார், திரையில் ரொறன்ரோவில் இருந்து மாப்பிள்ளையின் தாயார், சேலை கட்டி, நெற்றியில் பொட்டோடு. அல்பத்துக்கு உதவாத, பாதி மங்கிய படம். கணவருக்கு அது பிடிக்கவில்லை. கோப்புக்கு அதைவிட நல்ல படம் கிடையாது. மாப்பிள்ளையின் பெற்றோர் ஏன் வரவில்லை என்பது வழமையாக வரும் சந்தேகம். தாயாருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அந்தப் படமும் வைத்தியசாலைக் கடிதமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டன.

உரையாடலில் எல்லாரும் முதலில் அனுப்புவது இதயக் குறி போட்ட பக்கங்கள். அவற்றால் பெரிதாக எதுவும் நிறுவப்படுவதில்லை. கணவர் கனடா திரும்பிய பிறகு, 2022 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான வட்ஸ்அப்பை இருந்து வாசித்தேன். அந்த வருடம் இலங்கையில் என்ன நடந்ததென்று எல்லாருக்கும் தெரியும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு. “கரண்ட் இப்பதான் வந்தது, போன் நாலு வீதம்தான் நிக்குது” என்று மனைவி எழுத, “அப்ப நித்திரை கொள்ளும், விடிய எடுக்கிறன்” என்று கணவர். ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது, மாமாவின் மோட்டார் சைக்கிளுக்குப் பதிவுசெய்து கொடுத்ததே ரொறன்ரோவில் இருந்த கணவர்தான். வாகனத்தின் சேசிஸ் இலக்கம் பிழையாகப் போய், இரண்டு பேரும் அரை மணிநேரம் சண்டை. அந்தச் சண்டை இரண்டு பக்கம். அதை வைத்தோம். நாளும் நேரமும் நாட்டு நடப்போடு பொருந்துகிற, ஒருவரும் சோடித்து எழுத மாட்டாத பக்கங்கள் அவை.

சிக்கல் மொழிபெயர்ப்பில் வந்தது. இருவரும் தட்டுவது தமிழ், ஆனால் ஆங்கில எழுத்தில். அது ஆங்கிலம் போலத் தெரிவதால் அப்படியே ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதிகாரி எதை வாசிப்பார்? விண்ணப்பதாரரின் குடும்பத்தவர் மொழிபெயர்க்கக் கூடாது, அவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும் சரி. ஊரில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பத்துப் பக்கத்தையும் வரிக்கு வரி பெயர்த்தார். “சும்மா போங்கோ” என்று மனைவி வெட்கத்தில் எழுதியிருந்ததைக் கோபம் என்று நினைத்துப் பெயர்த்திருந்தார், அதை மட்டும் திருப்பி அனுப்பித் திருத்தினோம்.

உண்டியல்

மாதாமாதம் காசு அனுப்பியதற்கு ரசீது கேட்டபோது கணவர் சிரித்தார். 2022 தொடக்கத்தில் வங்கி கொடுத்த டொலர் விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஸ்காபுரோவில் காசைக் கொடுத்தால் ஒரு மணிநேரத்தில் ஊரில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருகிற உண்டியல்காரரிடம்தான் பாதிச் சனம் போனது. அதற்கு ரசீதும் இல்லை, அதைக் கோப்பில் பெருமையாகச் சொல்லவும் முடியாது. யாரோ ஒருவரிடம் பழைய திகதியில் ஒரு கடிதம் வாங்கித் தருகிறேன் என்றார். சட்டத்தரணி அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வங்கி வழியாக அனுப்பத் தொடங்கிய மாதத்திலிருந்து உள்ள பதிவுகள் மட்டும் போயின. முந்திய மாதங்களுக்கு ஒன்றும் வைக்கவில்லை. காசு பற்றி அதிகாரி கடைசிவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

விடுபட்ட இரண்டு

கடந்த பத்து வருடத்தின் முகவரிகளும் செய்த வேலைகளும் இடைவெளியில்லாமல் வேண்டும். மனைவி 2014இலிருந்து இரண்டு வருடம் சென்னையில் படித்தவர், ஆனால் முழுக் காலத்துக்கும் வடமராட்சி முகவரியையே எழுதியிருந்தார். “படிக்கத்தானே அக்கா போனனான், வீடு இஞ்சதானே.” 18 வயதுக்குப் பிறகு ஆறு மாதமோ மேலோ தொடர்ந்து இருந்த நாடென்றால் அங்கிருந்தும் பொலிஸ் நற்சான்று கேட்கலாம். விசா முத்திரைகளோ கடவுச்சீட்டில் பளிச்சென்று கிடந்தன. இந்தியச் சான்றுக்கு விண்ணப்பித்து, அது வந்த பின்னரே இலங்கைச் சான்றை எடுத்தோம். தற்போது வசிக்கும் நாட்டின் சான்று, விண்ணப்பிக்கும்போது ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

மற்றது மனைவியின் அண்ணர். குடும்ப விவரப் படிவத்தில் சகோதரர் எல்லாரையும், இறந்தவர்களையும் சேர்த்து, எழுத வேண்டும். இவருடைய மூத்த அண்ணர் 2009இல் வன்னியில் காணாமல் போனவர். வீட்டில் அவருக்கு மரணப் பதிவு எடுக்கவில்லை, எடுக்கவும் தாயார் சம்மதிக்கவில்லை. இறந்தவர் என்று எழுத மனமில்லாமல், பெயரையே விட்டுவிட்டிருந்தார்கள். 2009இலிருந்து தகவல் இல்லை என்று எழுதி, காணாமல் போனதற்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியையும் வைத்தோம். எவரும் அவரை இறந்தவர் என்று எழுதத் தேவைப்படவில்லை.

தாக்கலுக்குப் பிறகு

2022 செப்டம்பர் 23 முதல் பெரும்பாலான பிஆர் விண்ணப்பங்கள் இணையவழியில்தான் போக வேண்டும் என்றாகிவிட்டதால், எல்லாவற்றையும் ஸ்கான் செய்து ஏற்றினோம். கட்டணம், கைரேகை, மருத்துவம் எல்லாம் சிக்கலில்லாமல் போயின. 2024 ஆரம்பத்தில் மனைவியை நேர்முகத்துக்குக் கொழும்புக்கு அழைத்தார்கள்.

எப்போது கலியாணம் முடித்தீர்கள் என்பது முதல் கேள்வி. எழுத்து இன்ன திகதி, தாலி இன்ன திகதி என்றார். முதல் விண்ணப்பம் ஏன் மீளப்பெறப்பட்டது என்று கேட்டார்கள். அவர் ஒன்றாக வாழ விரும்பவில்லை, காரணம் எனக்கு முழுதாகத் தெரியாது என்றார். மாமியாருக்கு என்ன வருத்தம், எத்தனை நாளைக்கு ஒருமுறை டயாலிசிஸ் என்று கேட்டபோது நாட்களின் பெயரோடு சொன்னாராம். மறுக்கப்பட்டிருந்தால் 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யவேண்டி வரும் என்று அதற்கும் ஓர் உறை தயாராக இருந்தது. தேவைப்படவில்லை.

பின்னர் ஐந்து டொலர் கட்டி அதிகாரியின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தோம். 2017 விண்ணப்பத்தை அவர் முதலே திறந்து வைத்துக்கொண்டுதான் நேர்முகத்தை நடத்தியிருக்கிறார். அதில் இருந்த விவரங்களும் இப்போதைய கடிதமும் ஒத்துப்போகின்றன என்று ஒரு வரி. கலியாணப் பத்திரத்தின் இரண்டு பிரதிகளைப் பற்றி இன்னொரு வரி. வடிவான படங்களைப் பற்றி ஒன்றுமில்லை.

விசா 2024 ஜூனில் வந்தது. மருத்துவப் பரிசோதனை பன்னிரண்டு மாதத்துக்குத்தான் செல்லும், விசாவும் அந்தத் திகதியோடு ஓகஸ்ட் இரண்டாம் கிழமை முடிந்தது. ஆடி கழியட்டும், ஆவணியில் நல்ல நாள் பார்த்து அனுப்புகிறேன் என்றார் தாயார். ஆவணி பிறக்கும்போது விசா செத்துவிடும் என்று திகதியைக் காட்டி விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. ஆடியிலேயே ரொறன்ரோவில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில், விண்ணப்பித்த பிறகு திருமண நிலையிலோ குடும்பத்திலோ மாற்றம் ஏதும் உண்டா என்று மட்டும் கேட்டு, உள்ளே விட்டார்கள்.